நாயோடு கப்பலேறித் திருச்சிக்கு வந்தோம்

பினாங்கில் பிறந்து வளர்ந்த நான் இந்தியாவை முதன்முதலில் பார்த்தது என் இருபத்தெட்டாவது வயதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதக் காலையில். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் கணவர் டைப்பிஸ்டாக இருந்த கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. திருச்சியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை காலியிருப்பதாக அவருடைய நண்பர் ஒருவர் எழுதினார். என் கணவரும் பினாங்கில் பிறந்தவர்தான். எங்கள் இருவருக்கும் திருச்சி என்பது பெற்றோர் வாயில் கேட்ட ஊர்ப்பெயர், அவ்வளவே. தமிழ் பேசுவோம், சாமி கும்பிடுவோம். மற்றபடி அந்த ஊருக்கு நாங்கள் அந்நியர்கள்.

எங்களோடு கோப்பியும் வந்தது. காப்பிக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர் அது. பாலில்லாத காப்பியின் நிறத்தில், நான்கு வயதுப் பெண் நாய். எங்கள் வீட்டு வாசலில் குட்டியாக வந்து ஒதுங்கியதை நான்தான் எடுத்து வளர்த்தேன். அண்டை வீடெல்லாம் மலாய்க்காரர்கள் என்பதால் அதற்குத் தெரிந்ததும் மலாய்ப் பேச்சுதான். "மாரி" என்றால் வரும். "டுடுக்" என்றால் உட்காரும். விட்டுவிட்டு வா என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை எப்படி விட்டு வருவது?

அங்கிருந்து திரும்பிவர நினைக்கும் சிலர், வளர்ப்புப் பிராணியைக் கொண்டுவர முடியுமா என்று இப்போது கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் ஆறு நாள். நாங்கள் அறை இல்லாத, திறந்த மேல்தளத்துப் பயணிகள். பாயை விரித்து இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு மிருக வைத்தியர் கையெழுத்துப் போட்ட காகிதம் கேட்டார்கள். நல்லவேளையாக வாங்கி வைத்திருந்தோம். சமையற்கட்டுக்குப் பின்னால் கோழிக்கூடுகளுக்குப் பக்கத்தில் அதைக் கட்டச் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் கோப்பி எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் கஞ்சித் தண்ணீர் குடித்தது. கோழிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் அதற்கு உடம்பு எவ்வளவு மோசம் என்று புரிந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு, ஆட்களைப் படகில் இறக்குவார்கள். கோப்பியை ஒரு கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கினோம். கூடை ஆடிய ஆட்டத்தில் நான்தான் அலறினேன். அது வாயைத் திறக்கவில்லை. கரையில் எங்களைத் துருவித் துருவிக் கேள்வி கேட்ட அதிகாரி, நாயின் காகிதத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய எண்பது மைல். மறுநாள் காலை ஆறரை மணி ரயில். நாயை நம்மோடு பெட்டியில் ஏற்ற முடியாது. கார்டு வண்டியில் நாய்க்கென்று கம்பிக்கதவு போட்ட சிறு அறை ஒன்று உண்டு. அதற்குத் தனி டிக்கெட், எட்டணா. அந்த அறை வெயிலில் அடுப்பாகிவிடும். ஆகவே வண்டி நிற்கும் ஸ்டேஷனில் எல்லாம் நான் செம்பில் தண்ணீரோடு இறங்கி ஓடினேன். தஞ்சாவூரில் இருபது நிமிஷம் நின்றது. கார்டு இரக்கப்பட்டு, அங்கிருந்து கதவைத் திறந்து வைத்துத் தன் காலடியிலேயே கோப்பியைப் படுக்கவைத்துக்கொண்டார். பகல் பன்னிரண்டே முக்காலுக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினோம்.

வீடு ஸ்ரீரங்கத்தில். ஜங்ஷனிலிருந்து ஆறு மைல். ஸ்ரீரங்கத்துக்கு ரயிலும் உண்டு, ஆனால் அடுத்த வண்டி மாலையில்தான் என்றார்கள். மூன்று ஜட்கா வண்டிக்காரர்கள் நாயைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார்கள். நாலாவது ஆள் குதிரையைப் பார்த்தார், கோப்பியைப் பார்த்தார்.

"குதிரை மிரளும்மா. அது வாசம் குதிரைக்குப் பிடிக்கணும். ஒரு நிமிஷம் இருங்க" என்று கோப்பி படுத்த சாக்கை எடுத்துக் குதிரையின் மூக்கருகே காட்டினார். குதிரை தும்மியது. "சரி, ஏறுங்க" என்றார்.

அந்த ஆள் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். மலைக்கோட்டையைக் காட்டினார். காவேரிப் பாலத்தில் ஏறியதும் வண்டியை மெதுவாக ஓட்டினார். ஆறு என்று அவர் காட்டிய இடத்தில் பெரும்பாலும் மணல்தான் இருந்தது. நடுவே இரண்டு மூன்று வாய்க்கால் போலத் தண்ணீர். ஆடியில் வந்து பாருங்க என்றார். ஒரு ரூபாய் பேசியிருந்தோம். நாய்க்கென்று அவர் தனியாக எதுவும் கேட்கவில்லை.

வீட்டை நண்பர் முன்பே பேசி வைத்திருந்தார். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தை ஒட்டிய நந்தவனம். அதன் சொந்தக்காரர் ரங்கசாமி நாயுடு, ஐம்பது வயதிருக்கும். தினமும் கோயிலுக்குத் துளசியும் பூவும் கொடுக்கும் குடும்பம். தோட்டத்துக்குள் அவர்கள் வீடு. வேலியோரமாக இரண்டு அறை கொண்ட சின்ன வீடு எங்களுக்கு. பெண்டாட்டியோடு வருகிறார் என்று எழுதிய நண்பர், நாயைப் பற்றி எழுத மறந்துவிட்டார்.

நாயுடு கோப்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூப்பாத்திகளைக் காட்டி எங்களுக்கு விளக்கினார். பெருமாளுக்குப் போகும் பூவை மனுஷனே முகர்ந்து பார்க்கக்கூடாது. பறிக்கும்போது அவர் வீட்டுப் பெண்கள் பேசக்கூட மாட்டார்கள். நாய் மூக்கை வைத்தால் அந்தப் பாத்தியே வீண். வேலிக்கு அந்தப் பக்கம் கட்டிப் போடுவோம், ஒரு நாளும் உள்ளே விடமாட்டோம் என்று என் கணவர் வாக்குக் கொடுத்தார். எங்கள் நான்கு பெட்டிகளும் வாசலில் கிடந்தன. வெயில் இன்னும் தணியவில்லை. அதற்காகத்தான் அவர் சரி என்றார் என்று நினைக்கிறேன்.

புது நாட்டில் நாய் வளர்ப்பது எப்படி என்பதை அந்த ஒரு மாதத்தில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். பினாங்கில் அது மீனும் சோறும் தின்று வளர்ந்தது. நாயுடுவின் வளவில் மீன் நாற்றம் வரக்கூடாது. மோர்ச்சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட கோப்பி, நான்காம் நாள் தட்டை நக்கியது. வெயில் அடுத்த கஷ்டம். ஒரு நாள் ஒன்பதரை மணிக்குக் கொள்ளிடத்து மணலில் நடத்திக் கூட்டிப்போனேன். திரும்பும்போது அது மூன்று காலில் வந்தது. பாதம் வெந்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஏழு மணிக்குள் போய், மடுவில் முக்கி எடுத்து, எட்டுக்குள் வீடு வந்துவிடுவோம். பகலில் ஈரச்சாக்கைப் போர்த்திவிடுவேன். உண்ணி வேறு. வேப்பெண்ணெய் தடவச் சொன்னது நாயுடுவின் மனைவிதான். எட்ட நின்றுகொண்டே கிண்ணத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நகர்த்திவைத்தார்.

பங்குனி பாதியில் நான் பயந்தது நடந்தது. விடியற்காலையில் கீரி ஒன்று வேலிக்குள் நுழைந்ததைப் பார்த்து, கோப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. துளசிப் பாத்தியை மிதித்து, மல்லிகைப் பந்தலைச் சுற்றி, கடைசியில் அன்றைக்கென்று பறித்து வைத்திருந்த பூக்கூடை மேலேயே விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அது பூவுக்கு நடுவில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது.

நாயுடு சத்தம் போடவில்லை. கூடை முழுவதையும் எடுத்துக்கொண்டுபோய் ஆற்றோரம் கொட்டிவிட்டு வந்தார். ஆள் அனுப்பிக் கடைத்தெருவில் பூ வாங்கி அன்றைய மாலையைக் கட்டினார்கள். அவர்கள் வீட்டிலிருந்து விலைக்கு வாங்கிய பூ கோயிலுக்குப் போனது அவருக்குத் தெரிந்து அன்றுதான் முதல் தடவையாம். மாலையில் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தப்பு நாயோடது இல்லைம்மா. அதுக்கு என்ன தெரியும். தெரிஞ்சிருந்தும் சரின்னு சொன்னேன் பாருங்க, என் மேலதான் அபசாரம்" என்றார். "நீங்க இருங்க. அதுக்கு மட்டும் வேற இடம் பாருங்க. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன்."

அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கொடுப்பதானால் என்னையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாலக்கரையில் ஒரு வீடு காலியென்று கேள்விப்பட்டு, கோப்பியையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனோம். இந்தத் தடவை வீட்டுக்காரருக்கு நாய் விஷயம் கடைசியில் தெரியக்கூடாது, முதலிலேயே காட்டிவிட வேண்டும் என்று எண்ணம். பெரிய கடைவீதியில் வண்டியை விட்டு இறங்கி நடந்தோம். எதிரே ஒரு கல்யாண ஊர்வலம். நாயனம், தவில், அதன் பின்னால் அதிர்வேட்டு. முதல் வேட்டுக்கே கோப்பி துள்ளியது. இரண்டாவதற்குக் கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் அதன் முதுகு ஒரு கணம் தெரிந்தது. பிறகு இல்லை.

அந்த வீதியில் நான் கத்திய கத்தல் இன்னும் நினைவிருக்கிறது. "கோப்பி, கோப்பி" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினால், ஒரு காப்பிக் கிளப்பிலிருந்து பரிமாறுகிறவர் எட்டிப்பார்த்து எத்தனை கப் வேண்டும் என்று கேட்டார். "மாரி, மாரி" என்று கூப்பிட்டேன். பூக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தி, "சமயபுரத்தாளையா கூப்பிடுறீங்க? என்னம்மா, புள்ளையத் தொலைச்சிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இருட்டும் வரை தேடினோம். தெப்பக்குளம், ஆண்டார் தெரு, நந்திக் கோயில் தெரு, எங்கும் இல்லை. வெயில் காலத்தில் கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாய்களைப் பிடித்துப்போக வண்டி வரும் என்றும், பிடித்த நாய்கள் திரும்புவதில்லை என்றும் ஒரு கடைக்காரர் சொன்னார். கோப்பியின் கழுத்துப் பட்டையில் பித்தளை வில்லை இருந்தது. ஆனால் அது பினாங்கில் வாங்கியது. இந்த ஊரில் அது செல்லுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை இவர் வேலைக்குப் போக, நான் தனியாகத் திருச்சிக்குப் போய்த் தேடினேன். செவ்வாயும் அப்படியே. தெரியாத ஊரில் பேட்டை பேட்டையாக ஒரு பெண் தனியாக அலைகிறாளே என்று பலர் பார்த்தார்கள். நான் பேசும் தமிழைக் கேட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார்கள். நாயையா தேடுகிறீர்கள் என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் ஒருவர்கூட முகத்தில் அடித்தாற்போலப் பேசவில்லை. இதையும் எழுத வேண்டும். நீர்மோர் கொடுத்தார்கள், நிழலில் உட்காரச் சொன்னார்கள், பார்த்தால் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்.

புதன்கிழமை காலை, உறையூர்ப் பக்கம் தயிர் விற்கும் அம்மாள் ஒருத்தி நான் சொன்ன அடையாளத்தைக் கேட்டுவிட்டு யோசித்தாள்.

"வாய்க்கால் ஓரமா ராவுத்தரு மரவாடி ஒண்ணு இருக்கு. அங்க ஒரு நாய் கெடக்குது. ராவுத்தரு அதுகிட்ட என்னமோ பாஷைல பேசிக்கிட்டிருக்காரு. போய்ப் பாருங்க."

கடைவீதியிலிருந்து ஒன்றரை மைல். உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி, தேக்கும் வேங்கையும் அடுக்கிவைத்த பெரிய வளவு. உள்ளே நுழைந்ததும் கோப்பியின் குரல் கேட்டது. ஒரு மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முன்னால் மண்சட்டியில் மீனும் சோறும். என் மேல் தாவிய வேகத்தில் நான் மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலடி தள்ளி, வெள்ளைக் கைலியும் தொப்பியுமாக அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் மரவாடிக்குச் சொந்தக்காரரான ராவுத்தர்.

"சூடா மாக்கான்?" என்றார்.

சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்கிறார். கப்பலை விட்டு இறங்கியபின் வெளியாள் யாரும் என்னிடம் அந்தப் பேச்சைப் பேசவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆளை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார்.

நடந்ததை அவரே சொன்னார். ஞாயிறு சாயங்காலம் நாய் எங்கிருந்தோ ஓடிவந்து மர அடுக்குக்கு அடியில் புகுந்துகொண்டது. கிட்டப் போனவர்களைப் பார்த்து உறுமியது. வண்டிக்காரர்கள் வெறிநாய் என்று கம்பை எடுத்துவிட்டார்கள். ராவுத்தர் குனிந்து பார்த்தபோது கழுத்தில் வில்லை மின்னியது. அதில் பினாங்கின் பெயர். அவர் பினாங்கில் பத்தொன்பது வருஷம் மரக்கடை வைத்திருந்தவர்.

"சும்மாத்தான் சொல்லிப் பார்த்தேன், மாரி சினின்னு. தவழ்ந்து தவழ்ந்து வந்திருச்சும்மா" என்றார். "பத்து வருஷமா நான் பேசாத பேச்சு. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வெளங்காது. அதுக்கு வெளங்குச்சு."

கயிற்றை அவர் கட்டவில்லை, வண்டிக்காரர் ஒருவரைக் கட்டச் சொல்லியிருக்கிறார். நாயைத் தொட்டால் அவர்கள் வழக்கப்படி கழுவிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது, காவலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே விளக்கினார். ஆனால் மூன்று நாளும் சோறு அவர் வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

டீயைக் குடித்துக்கொண்டே எங்கள் கதையைச் சொன்னேன். நந்தவனம், பூக்கூடை, மாசக் கடைசி எல்லாவற்றையும் கேட்டார். நாயுடு சொன்னது நியாயம்தான் என்றார். பிறகு வாய்க்கால் ஓரத்தில் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டைக் காட்டினார். பழைய காவற்காரர் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் ஆறு மாதமாகக் காலி. இரண்டு அறை, கிணறு, வெளியே வேப்பமரம். மரம் திருடு போகிறது, காவலுக்கு நாய் வைக்கலாமா என்று தானே யோசித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

"உங்க வூட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து பாருங்க. பிடிச்சா இருங்க. நாய் மரவாடியில இருக்கட்டும், அதுக்கு இங்க மிதிக்கிறதுக்குப் பூ எதுவும் கெடையாது" என்றார். மூன்று நாளில் நான் முதல்முறையாகச் சிரித்தேன்.

நான் சொல்லியனுப்ப, சாயங்காலம் என் கணவர் வக்கீல் ஆபீஸிலிருந்து நேரே வந்தார். வளவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வேலைக்கு நடந்தே போய்விடலாம், முக்கால் மணி நேரம் மிச்சம் என்றார். அப்படித்தான் அவர் சந்தோஷத்தைச் சொல்வார். சித்திரை பிறந்த மூன்றாம் நாள் குடிபோனோம். புறப்படும்போது நாயுடுவின் மனைவி ஒரு வாழையிலையில் துளசி கட்டிக்கொடுத்தார். நாயுடு வண்டி வரை வந்து, பெட்டிகளைத் தானே தூக்கி ஏற்றினார். அடிக்கடி பெருமாளைச் சேவிக்க வாங்க என்றார். மாதம் ஒருமுறை போகிறோம்.

இனி, பிராணியோடு வர நினைப்பவர்களுக்கு. மிருக வைத்தியரின் காகிதத்தைக் கப்பலுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மாசிக்குப் பின் வராதீர்கள். கார்த்திகை, மார்கழி நல்லது, கடல் எப்படியிருந்தாலும் கரை குளிர்ச்சியாக இருக்கும். ரயிலில் கார்டிடம் முதலிலேயே நயமாகப் பேசுங்கள். வீடு பேசும்போது பிராணியை மறைக்காதீர்கள். மறைத்தால் முதல் நாள் தப்பிக்கலாம், அவ்வளவுதான். வந்த வாரத்திலேயே இந்த ஊர் வில்லையை வாங்கிக் கட்டுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல்தான் மூன்று நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தோம். உங்கள் பிராணியின் பழைய சாப்பாட்டை ஒரேயடியாக மாற்றாதீர்கள். மனுஷருக்கும் அது பொருந்தும் என்பது என் அனுபவம். பினாங்குக் காப்பித்தூள் கிடைக்கிறதா என்று நான் இன்னும் கடைகடையாக விசாரிக்கிறேன்.

இன்னொன்று. வந்த இடத்தில் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தே முதல் மாதத்தைக் கழித்தோம். கூச்சம்தான் காரணம். கோப்பி தொலைந்த மூன்று நாளில் எனக்குத் தெரிந்த ஆட்கள்தான் இன்றைக்கும் எனக்கு இந்த ஊரில் ஆட்கள். பூக்காரி கடைவீதியில் கண்டால் குரல் கொடுக்கிறாள். தயிர் அம்மாள் தினமும் வருகிறாள்.

ஐப்பசி மழையில், தேக்கு அடுக்குக்கு அடியில் கோப்பி நான்கு குட்டி போட்டது. தகப்பன் யாரென்று வாய்க்கால்கரை முழுவதற்கும் தெரியும், காது ஒன்று கிழிந்த செவலை நாய். ராவுத்தர் குடை பிடித்துக்கொண்டு வந்து குனிந்து எண்ணிப்பார்த்தார். ஒன்றை வையம்பட்டியில் ஆடு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்று பொன்மலைக்குப் போகிறது. ஒன்றைத் தயிர் அம்மாள் இப்போதே தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். கடைக்குட்டி எங்களிடம் இருக்கும். அதற்கு வில்லை வாங்க முனிசிபல் ஆபீஸுக்குப் போனபோது, எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் எந்த ஊர் நாய் என்று கேட்டார்.

"இந்த ஊருதாங்க" என்றேன்.